சென்னியப்பனுக்காக மேலே வந்த கிணறு

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில், மழை வழி தவறி வந்தால்தான் உண்டு என்கிற கொக்கமேட்டுப்புதூரில், வைகாசி மாசத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை ஆறேகால் மணிக்கு, அறுபதடிக் கிணறு ஒன்று தன்னிடம் இருந்த தண்ணீரையெல்லாம் தூக்கிக்கொண்டு, கரையில் கைத்தடியோடு நின்றிருந்த பஸ் டிரைவர் சென்னியப்பனைப் பார்க்க மேலே வந்தது. வந்ததை ஐந்து பேர் பார்த்தார்கள். ஐந்து பேரும் கையிலிருந்த வேலையை விடாமலே பார்த்தார்கள், ஏனென்றால் அது பால் கறக்கிற நேரம், சொசைட்டி வண்டி ஆறரைக்கு வந்தால் யாருக்காகவும் நிற்காது.

கிணறு வந்த கதைக்கு முன்னால் மடியின் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

சென்னியப்பன் காங்கேயம் கரூர் தடத்தில் இருபத்திரண்டு வருசம் தனியார் பஸ் ஓட்டியவர். நாற்பத்தேழாம் வயதில் இடது இடுப்பு மூட்டின் பந்துக்கு ரத்தம் போவது நின்று, எலும்பு மக்கி, சீட்டில் ஏறுவதற்கே கண்டக்டர் கை கொடுக்க வேண்டியதாயிற்று. கிளட்சை மிதித்து மிதித்துத் தேய்ந்துவிட்டது என்று ஊர் சொன்னது, கிளட்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்னார், ஊர் டாக்டரை நம்பவில்லை. தை மாசம் கோயமுத்தூரில் பழைய பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து ஒன்றை வைத்தார்கள். வைத்த கையோடு டாக்டர் சொன்னார், தரையில் உட்காரக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, குத்த வைக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, குனிந்து செருப்பு மாட்டக் கூடாது, படுத்தால் இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைக்காமல் புரளக் கூடாது, முழங்காலைவிடத் தாழ்ந்த எதன்மேலும் உட்காரவே கூடாது. சென்னியப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“தரையில ஒரு அஞ்சு நிமிசம், மடியில கொழந்தைய வெச்சுக்கிட்டு?”

“அஞ்சு நிமிசம் நீங்க உக்காந்து பந்து நழுவுச்சுன்னா, மறுபடி அஞ்சு மணி நேரம் நான் நிக்கோணும்,” என்றார் டாக்டர்.

அந்தக் குழந்தை தங்கச்சி திலகவதியின் குழந்தை. அம்மா போனபோது திலகவதிக்கு நாலு வயது, சென்னியப்பனுக்குப் பதினைந்து. தலை வாரி விட்டதும், பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் கொண்டுபோய் விட்டதும், காய்ந்த சுரைக்காயை முதுகில் கட்டி இதே கிணற்றில் நீச்சல் பழக்கியதும், வெள்ளகோவிலில் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். கட்டிக் கொடுத்துப் பன்னிரண்டு வருசம் குழந்தை இல்லை. பன்னிரண்டு வருசமும் திலகவதி ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளிலெல்லாம் அண்ணனின் பஸ்ஸில்தான் போனாள், டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில், கண்ணாடியில் அவர் அவளைப் பார்க்கிற மாதிரி. போன மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. ஒன்பதாம் மாதம், ஆவணியில், பிறந்த வீட்டுக் குலதெய்வமான மொட்டைப்பாறை ஆத்தாளின் முன்னால் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். அந்த மடிக்காகத்தான் சென்னியப்பன் டாக்டரிடம் அந்த ஒரே கேள்வியைக் கேட்டார்.

நாற்காலி போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மொட்டைப்பாறை ஆத்தாளைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். ஆத்தா கிணற்றிலிருந்து இருபதடி தள்ளி, கூரை இல்லாத வெறும் பாறைமேல் நிற்கிற கல், உயரம் ஒரு சாண். அவள் முன்னால் நிற்கலாம், நடக்கலாம், அருள் வந்து ஆடலாம், பொங்கல் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றலாம், ஆனால் உட்கார்ந்தால் அவளுக்குக் கீழேதான் உட்கார வேண்டும். மந்திரி வந்தாலும் கலெக்டர் வந்தாலும் தரைதான். ஆத்தாளின் ஒரு சாணுக்கும் டாக்டரின் முழங்காலுக்கும் நடுவே இன்னொரு சாண் இடைவெளி இருந்தது. அந்த இன்னொரு சாணில்தான் சென்னியப்பனின் தூக்கம் போயிற்று.

இப்படியாக அவர் ஊருக்குத் திரும்பி வந்தார். வீட்டில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் டாக்டர் சொன்ன உயரம் சரியாக வந்தது, ஆகவே அவர் போகிற இடமெல்லாம் அந்த இரட்டை நாற்காலியும் போயிற்று, அதைத் தூக்கிக்கொண்டு அவர் மனைவி சாந்தாமணியும் போனாள். டீக்கடைக்குப் போயிற்று, முடிவெட்டுகிற கடைக்குப் போயிற்று, சாவு வீட்டுக்கும் போயிற்று. அங்கே எல்லோரும் பாயில் உட்கார்ந்து அழும்போது சென்னியப்பன் மட்டும் பந்தலைத் தொடுகிற உயரத்தில் உட்கார்ந்து அழுதார், பண்ணையக்காரர் அழுகிறார் பாரு என்று பெரியப்பா மகன் ஈஸ்வரமூர்த்தி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னான். கட்டிலில் நடுவில் வைக்கிற தலையணையைப் பற்றி சாந்தாமணியின் சிநேகிதிகள் கேட்டதையும் அவள் சொன்ன பதிலையும் இங்கே எழுத முடியாது.

நடக்கலாம், நீந்தவும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், புண் நன்றாக ஆறி நாலு மாசம் போகட்டும், தவளை மாதிரிக் காலை விரித்து அடிக்காமல் மீன் மாதிரி நேராக அடியுங்கள் என்று. நாலு மாசம் போயிற்று. ஆனால் கிணற்றில் தண்ணீர் ஐம்பதடிக்குக் கீழே கிடந்தது, இறங்குகிற படி என்பது சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற கற்கள்தான், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. சின்ன வயதில் மேலேயிருந்து பல்டி அடித்துக் குதித்த மனுசன் காலையில் எழுந்ததும் கைத்தடியோடு போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். பார்க்கத்தானே போறேன் என்பார். இப்படிப் போய் வந்த இருபத்தோராம் நாள், அந்த வியாழக்கிழமை, அவரால் இறங்க முடியாது என்பது கிணற்றுக்கும் தெரிந்துவிட்டது போல, தண்ணீர் மேலே வந்தது. பால் பொங்கி வருகிற மாதிரி இல்லை, மாடிப்படி ஏறி வருகிற மாதிரி, ஒவ்வொரு கல்லாக நின்று நின்று வந்து, விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே நின்றது.

சாந்தாமணி கறந்த பால் செம்பை இறக்கி வைத்தாள்.

“ஏனுங்க, துண்டு எடுத்தாரட்டுமா?” என்றாள்.

அவர் சாந்தாமணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே மெதுவாக இடது காலை விட்டார், வலது காலை விட்டார், நாலு மாசமாகத் தன் எடையைத் தானே சுமந்த உடம்பைத் தண்ணீரிடம் கொடுத்துவிட்டு, மீன் மாதிரி நேராக, கிணற்றைக் குறுக்கே இரண்டு முறை நீந்தினார். ஏறி வந்து இடது கால் கரையைத் தொட்டதும் தண்ணீர் வந்த மாதிரியே கல் கல்லாகக் கீழே போயிற்று.

மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. ஏன் வருகிறது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, எப்போது வருகிறது என்றுதான் கேட்டார்கள். கிணறு மூன்று பங்காளிகளுக்குப் பொது, ஆளுக்கு இரண்டு நாள் தண்ணீர் முறை, ஞாயிற்றுக்கிழமை கிணற்றுக்கு ஓய்வு. சென்னியப்பன் நீந்துகிற நேரத்தில் மோட்டாரே போடாமல் வாய்க்காலில் தண்ணீரைத் தள்ளிவிடலாம் என்று கண்டுபிடித்தது ஈஸ்வரமூர்த்தி. கண்டுபிடித்ததோடு நிற்காமல், தன் முறை நாளில் சென்னியப்பன் அரை மணி நேரமும் அவர் முறை நாளில் முக்கால் மணி நேரமும் நீந்துகிறார், இது நியாயமா என்று ஊர்ப் பெரியவர்களிடம் போய்விட்டான். அவர்கள் விசாரித்துவிட்டு, டாக்டர் சொன்ன உடற்பயிற்சி எல்லாப் பங்குக்கும் சமமாகத்தான் நடக்க வேண்டும், யார் முறையானாலும் முப்பத்தைந்து நிமிசம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். காய்ச்சல் வந்தால் முன்கூட்டியே தகவல் தர வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

பிறகு தண்ணீரோடு மற்றவையும் மேலே வந்தன. முப்பது வருசத்துக்கு முன்னால் விழுந்த ரப்பர் பந்துகள் வந்தன, ஒரு மரச் செருப்பு வந்தது, யாருடையதென்று தெரியாத ஒரு ஆமை வந்தது, அதற்குச் சென்னியப்பனைவிட நன்றாக நீந்தத் தெரிந்திருந்தது. முழங்கால் வலிக்காரப் பெண்கள் வந்தார்கள். சென்னியப்பன் முழுக்க இறங்க வேண்டியதில்லை, இடது கால் நனைந்திருந்தாலே தண்ணீர் நிற்கும் என்று தெரிந்ததும், சாந்தாமணி பெண்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கினாள். அந்த ஒரு மணி நேரமும் அவர் விளிம்பில் பக்கவாட்டாகப் போட்ட இரட்டை நாற்காலியில் பெண்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடது காலை மட்டும் பக்கவாட்டில் தண்ணீருக்குள் தொங்கவிட்டுக்கொண்டு, தினசரியை விளம்பரம் வரைக்கும் படித்தார். பின்னால் கேட்கிற பேச்சுகளுக்கெல்லாம் காது கேட்காதவர் மாதிரி இருந்தார், தன்னைப் பற்றிய பேச்சு வந்தபோது மட்டும் தாளைத் திருப்பினார். அந்தக் கிணற்றில் அதுவரை இறங்க விடப்படாத தெருக்காரர்களும் வந்தார்கள். படியில் யார் கால் வைக்கலாம் யார் வைக்கக் கூடாது என்று வருசக்கணக்காகப் பேசியவர்களுக்கு, தண்ணீரே ஏறி வந்து வாசலில் நிற்கும்போது என்ன பேசுவதென்று தெரியவில்லை. அப்படிப் பேசியவர்களும் துண்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

ஆடி பிறந்தது. சென்னியப்பன் கைத்தடியை விட்டார், சந்தைக்கு நடந்தார், பஸ் படியில் தானே ஏறினார். தரையில் மட்டும் உட்கார முடியவில்லை. பரிசோதனைக்குப் போனபோது மறுபடியும் கேட்டுப் பார்த்தார், டாக்டர் இந்த முறை எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார்.

ஊர் யோசித்தது. பாறையில் குழி வெட்டி அதற்குள் நாற்காலியை இறக்கலாம் என்றார்கள், உளி உடைந்ததே தவிரப் பாறை உடையவில்லை. ஆத்தாளை இன்னொரு இரட்டை நாற்காலிமேல் ஏற்றி வைத்தால் கணக்குச் சரியாகுமே என்றான் ஒருவன், ஆத்தா பிளாஸ்டிக்கில் உட்கார மாட்டாள் என்று பூசாரி எழுந்து போய்விட்டார். டாக்டரின் முழங்கால் யாருடைய முழங்கால், சென்னியப்பனின் முழங்காலா அல்லது பொதுவா என்றுகூட ஒரு நாள் சாயங்காலம் பேசினார்கள். கடைசியில் திலகவதியின் மாமனார் வெள்ளகோவிலிலிருந்து சொல்லி அனுப்பினார், அழைப்பிதழ் அடிக்க வேண்டும், ஈஸ்வரமூர்த்தியும் அண்ணன் முறைதானே, அவர் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று. ஈஸ்வரமூர்த்தி அன்று சாயங்காலமே காங்கேயம் போய் பட்டுவேட்டி எடுத்துவிட்டான்.

திலகவதி குழந்தையோடு வந்து இறங்கினாள். அண்ணனை விட்டுவிட்டு ஊரைப் பார்த்துப் பேசினாள்.

“எங்கண்ணன் மடி வரலீன்னா என்ற புள்ளைக்குக் காது மூளியாவே இருக்கட்டும். பன்னெண்டு வருசம் மலடின்னு கேட்டவ, இதையும் கேட்டுக்கறேன்.”

சென்னியப்பன் அவளைச் சமாதானப்படுத்தினார், யார் மடியானால் என்ன, பாப்பாவுக்குத் தோடு போட்டால் சரி என்றார். சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மறுநாள் காலை கிணற்றில் முப்பத்தைந்து நிமிசம் முடிந்தும் அவர் ஏறவில்லை. நடுவில் போய் நீந்தாமல் மிதந்தபடி நின்றார், தண்ணீரில் முகம் கழுவினார், திரும்பத் திரும்பக் கழுவினார். சென்னியப்பனின் முறை நாள் அது, இருந்தும் ஈஸ்வரமூர்த்தி நேரத்தைக் கணக்குப் பார்க்காமல் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது சென்னியப்பன் களைத்துப்போய், இருபத்திரண்டு வருசப் பழக்கத்தில், டிரைவர் சீட்டில் உட்காருகிற மாதிரி முதுகை நிமிர்த்தி, தொடையை நீட்டி, முழங்காலைக் கொஞ்சமாக மடித்து, தண்ணீரில் உட்கார்ந்தார். தண்ணீர் தாங்கியது. கைகள் தாமாகவே முன்னால் போய் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி நின்றன. அந்த இரண்டு கைக்கும் நடுவில் ஒரு குழந்தைக்கு உண்டான இடம் காலியாக இருந்தது.

கரையில் துண்டோடு நின்ற சாந்தாமணி அதைப் பார்த்தாள். திரும்பி, இருபதடி தள்ளிப் பாறைமேல் நின்ற ஆத்தாளைப் பார்த்தாள். மறுபடியும் புருசனைப் பார்த்தாள்.

“ஏனுங்க,” என்றாள், “நீங்க இப்ப ஆத்தாளுக்குக் கீழதான உக்காந்திருக்கறீங்க?”

பூசாரியை வரவழைத்தார்கள். அவர் பாறையில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடி, ஆத்தாளின் காலடியிலிருந்து கிணற்று விளிம்புக்குப் பார்வையை ஓட்டிப் பார்த்தார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, சென்னியப்பனின் தலையே ஆத்தாளின் முழங்காலுக்குத்தான் வருகிறது, மடி எங்கேயோ இருக்கிறது, ஆத்தாளுக்கு ஆட்சேபணை இல்லை என்றார். டாக்டருக்குப் போன் போட்டார்கள். தண்ணீரில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று சொல்லிவிட்டு, எதற்கு என்று கேட்டார். காது குத்த என்றார்கள். உங்களுக்கா என்றார்.

பதினைந்து நாள் பழகினார். குழந்தையின் எடை ஏழரைக் கிலோ, அதே எடைக்கு ஒரு பூசணிக்காயைத் தேடிப் பிடித்து, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் நாள் பூசணிக்காய் உருண்டு போய் ஆமையின் மேல் முட்டியது. நாலாம் நாள் நின்றது. எட்டாம் நாள் அதற்குச் சட்டை போட்டு வைத்தார்கள். பத்தாம் நாளிலிருந்து சென்னியப்பன் அதனோடு பேச ஆரம்பித்தார், அதைக் குழம்பு வைக்கச் சாந்தாமணியை விடவில்லை.

ஆவணி வளர்பிறையில் முகூர்த்தம். மேளம் வந்தது, சீர்த்தட்டுகள் வந்தன, வெள்ளகோவில் சம்பந்தக்காரர்கள் வேனில் வந்தார்கள். சென்னியப்பன் வேட்டியோடு கரையில் வந்து நிற்க, தண்ணீர் ஏறி வந்து விளிம்பில் நின்றது. அவர் இறங்கி, தண்ணீரில் உட்கார்ந்து கைகளை நீட்டினார். அப்போதுதான் திலகவதியின் மாமனார் கிணற்றை எட்டிப் பார்த்தார், அடியில் இருக்கிற இருட்டைப் பார்த்தார், குழந்தையை மருமகள் கையிலிருந்து வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

அறுபதடி, என்றார் அவர். இவருக்குக் கால் ஒன்று இரும்பு. நழுவினால் யார் பிடிப்பது?

மேளம் நின்றது. சென்னியப்பன் நீட்டிய கைகளை எடுக்கவில்லை. கேட்ட கேள்வி நியாயமானது, பத்தாம் நாளிலிருந்து அதையே அவரும் பூசணிக்காயிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஈஸ்வரமூர்த்தி வந்தான். புதுப் பட்டுவேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டியிருந்தான், முதுகில் ஒன்றுக்கு இரண்டாகக் காய்ந்த சுரைக்காய் கட்டியிருந்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். எட்டு வயதில் இதே கிணற்றில் முங்கியவனைச் சென்னியப்பன் தலைமுடியைப் பிடித்து இழுத்து வெளியே போட்டதிலிருந்து அவன் தண்ணீரைப் பார்த்ததெல்லாம் வாய்க்காலில்தான்.

“நவுருங்க. நானும் மாமன் மொறைதான,” என்று சொல்லிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். சுரைக்காய் அவனைத் தூக்கியது. தத்தளித்து, தண்ணீர் குடித்து, சென்னியப்பன் பக்கம் போய்ச் சேர்ந்து, அவருடைய மடிக்குக் கீழே தன் இரண்டு கையையும் தொட்டில் மாதிரிக் கொடுத்தான். “சென்னி, நீ மேல புடி, நா கீழ புடிக்கறேன். என்னைய யாரு புடிக்கறதுன்னு மட்டும் கேக்காத.”

மாமனார் குழந்தையைக் கொடுத்தார்.

பாப்பா முதலில் தண்ணீரைப் பார்த்தது, பிறகு மாமன் முகத்தைப் பார்த்தது, பிறகு அவர் மார்பில் சாய்ந்துகொண்டது. சென்னியப்பன் ஒரு பூசணிக்காய்க்கும் ஒரு குழந்தைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டார், பூசணிக்காய் திருப்பிப் பிடித்துக்கொள்ளாது. காது குத்துகிற ஆசாரி முதல் படியில் முழங்கால் தண்ணீரில் நின்று, சந்தனத்தால் புள்ளி வைத்து, ஊசியை எடுத்தார். வலது காது. பாப்பா வீறிட்டது, மேளம் அதைவிடச் சத்தமாக எழுந்தது, சென்னியப்பன் அழுதார், ஈஸ்வரமூர்த்தி அவருக்கும் மேலாக அழுதான், அது குடித்த தண்ணீர் என்று பிறகு சொன்னான். இடது காது குத்தும்போது பாப்பா அழவில்லை. உள்ளங்கையால் தண்ணீரை அடித்துப் பார்த்தது, தெறித்தது, மறுபடியும் அடித்தது.

திலகவதி விளிம்பில் உட்கார்ந்து குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சாந்தாமணி கை கொடுக்க, சென்னியப்பன் வலது காலை எடுத்து வைத்தார், இடது காலை எடுத்து வைத்தார். தண்ணீர் இறங்கப் போகிறதே என்று எல்லோரும் தங்கள் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். அப்போதுதான் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“டேய், நா இன்னும் உள்ளதான் இருக்கறேன்.”

தண்ணீர் இறங்கினால் ஈஸ்வரமூர்த்தியும் இரண்டு சுரைக்காயோடு ஐம்பதடி இறங்குவான். கயிறு எடுக்க நாலு பேர் ஓடினார்கள். ஆனால் தண்ணீர் இறங்கவில்லை. சென்னியப்பன் துண்டை வாங்கி இடது காலைத் துடைத்தார், கால் நன்றாகக் காய்ந்தது, அப்போதும் இறங்கவில்லை. பூசாரி ஆத்தாளைத் திரும்பிப் பார்த்தார். ஆத்தா எப்போதும் போல ஒரு சாண் உயரத்தில் நின்றிருந்தாள். சாந்தாமணிதான் முதலில் பார்த்துவிட்டு விரலை நீட்டினாள்.

திலகவதியின் மடியிலிருந்து நழுவி இறங்கியிருந்த பாப்பாவின் இடது கால், கொலுசோடு, கணுக்கால் வரைக்கும் தண்ணீரில் இருந்தது.

சென்னியப்பன் அந்தக் காலைப் பார்த்தார். கரூர் பஸ் ஸ்டாண்டில் ஷிப்டு முடிந்து சாவியைக் கொடுக்கிறவர் மாதிரி அவர் தோள் இறங்கியது.

“மாத்து டிரைவர் வந்தாச்சு,” என்றார். “மொதல்ல ஈசுவரன ஏத்துங்க. அப்பறம் மெதுவா அம்மிணி காலை எடுக்கலாம்.”

ஈஸ்வரமூர்த்தியை ஏற்றினார்கள், பட்டுவேட்டியைப் பிழிந்தார்கள், பந்திக்கு இலை போட்டார்கள். அம்மிணி காலை எடுக்கிற மாதிரித் தெரியவில்லை. மேளக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்கள்.